வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் சொன்னது?

ஜாப் கார்டு என்று ஒரு தாள் உண்டு. காரை சர்வீஸுக்கு விடப் போனால் வாசலிலேயே ஒரு இளைஞர் அட்டையும் பேனாவுமாக வந்து நிற்பார். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஸ்டெப்னி இருக்கிறதா, எங்கெங்கே கீறல் என்று குறித்துக்கொண்டு, ‘என்ன கம்ப்ளெய்ன்ட் சார்?’ என்று கேட்பார். நாம் ஏதோ சொல்வோம், அவர் ஏதோ எழுதுவார். காட்டிய இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்தத் தாளை வாங்கி வாசித்துப் பார்த்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. 2023 டிசம்பர் வரை நானும் வாசித்ததில்லை.

அந்த மாதம் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போன காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மடிப்பாக்கத்தில், எங்கள் குடியிருப்பின் தரைத்தள பார்க்கிங்கில் என் ஆறு வயது கார் நின்றிருந்தது. விடியும்போது தண்ணீர் டயர் அளவில் இருந்தது. மதியத்துக்குள் சீட்டுக்கு ஏறிவிட்டது. மாடிப்படியில் நின்றபடி கைப்பேசியில் நாலைந்து படம் எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடத்தான் எடுத்திருக்க வேண்டும். மூன்று நாள் கரண்ட் இல்லை. தண்ணீர் வடிந்தபோது மேல்மாடிப் பெரியவர், மாநகரப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். “தம்பி, சாவி மட்டும் போட்டுடாதீங்க. பேட்டரி ஒயரைக் கழட்டி விட்டுட்டு ரெக்கவரி வண்டிக்குச் சொல்லுங்க” என்றார். 2015 வெள்ளத்தில் அவர் சாவியைப் போட்டிருக்கிறார். இன்ஜின் போனது, கிளெய்மும் போனது.

காரணம் எளிது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அமுக்கிப் பழகிய பிஸ்டனுக்குத் தண்ணீரை அமுக்கத் தெரியாது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் பிஸ்டன் மேலே வந்து முட்டும். அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ‘ஹைட்ரோஸ்டேடிக் லாக்’ என்பது இதற்கு இன்சூரன்ஸ்காரர்கள் வைத்திருக்கும் பெயர். வெள்ளம் வந்து இன்ஜினைக் கெடுக்கவில்லை, வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் கெட்டது, ஆகவே அது ‘பின்விளைவு இழப்பு’, பாலிசியில் அது விலக்கப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் வாதம். ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் காப்பு எடுத்திருந்தால் மட்டும் பணம் வரும். நான் எடுத்திருக்கவில்லை. எடுக்கிறீர்களா என்று கேட்டவரும் இல்லை.

ரெக்கவரி வண்டி கிடைக்க டிசம்பர் 8 ஆனது. சர்வீஸ் சென்டருக்கு வெளியே சாலையின் இரு புறமும் சேறு பூசிய கார்கள் அரை கிலோமீட்டருக்கு நின்றன. சர்வீஸ் அட்வைசருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கண்கள் சிவந்திருந்தன. அன்றைக்கு அது அவருக்கு எத்தனையாவது கார் என்று அவருக்கே நினைவில்லை. எழுதினார், நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். முந்தைய காருக்கு எழுதியதையே எனக்கும் எழுதியிருந்தார், பிந்தைய காருக்கும் அதையேதான் எழுதியிருப்பார்: ‘வெஹிக்கிள் நாட் ஸ்டார்ட்டிங்.’

ஒரு வாரம் கழித்து சர்வேயர் வந்தார், ஐந்து நிமிடம் பார்த்தார், படம் எடுத்தார். பொங்கலுக்கு முன் கம்பெனியிலிருந்து தொலைபேசி. “இன்ஜின் போர்ஷன் அட்மிசிபிள் இல்ல சார். நீங்க ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்கீங்க.” நான் சாவியையே தொடவில்லை என்றேன். “ஜாப் கார்டுலயே இருக்கே சார், ஸ்டார்ட் ஆகலைன்னு. ஸ்டார்ட் பண்ணாமலே ஸ்டார்ட் ஆகலைன்னு எப்படித் தெரியும்?”

தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. எனக்கு ஒரு நொடி சிரிப்புகூட வந்தது. மொத்த எஸ்டிமேட் 1,52,000 ரூபாய். அதில் இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டும் வேலை மட்டும் 46,000. அந்த 46,000 ரூபாயும் தூக்கக் கலக்கத்தில் இருந்த ஓர் இளைஞர் எழுதிய மூன்று ஆங்கிலச் சொற்களில் போய்விட்டது. மீதிக்கு 58,000 தருகிறோம், ‘ஓகே’ என்று ஒரு மெயில் அனுப்புங்கள், உடனே ரிலீஸ் செய்துவிடுகிறோம் என்றார்கள்.

எழுதுகிறவர்கள் யார்?

அந்த மெயிலை நான் அனுப்பவில்லை. நீங்கள் சொன்னதை எந்தப் பிரிவின்படி என்று குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள் என்று மட்டும் பதில் போட்டேன். அதன் பிறகு பத்து நாள் எந்தச் சத்தமும் இல்லை. தொலைபேசியில் அத்தனை உறுதியாகச் சொன்னவர்கள் அதையே கடிதமாக எழுதத் தயங்குவது எனக்கு ஒரு செய்தியாகப் பட்டது. கம்பெனி ஒரு கிளெய்மை மறுத்துக் கடிதம் கொடுத்துவிட்டால் அதில் சொன்ன காரணத்தோடு அது நிற்க வேண்டும். பின்னால் வழக்கு வரும்போது கடிதத்தில் இல்லாத புதுக் காரணத்தைக் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாய்வார்த்தைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது; இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று சொல்லிக்கொள்ளலாம்.

வாகன இன்சூரன்ஸ் கிளெய்மில் நடப்பதெல்லாம் தாளில்தான் நடக்கிறது. ஒர்க்‌ஷாப் ஜாப் கார்டும் எஸ்டிமேட்டும் எழுதுகிறது. சர்வேயர் அறிக்கை எழுதுகிறார். கம்பெனி அதன்மேல் முடிவெழுதுகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கம்பெனியோடு கேஷ்லெஸ் ஒப்பந்தம் இருக்கிறது. நாளையும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். சர்வேயருக்குக் கட்டணம் கொடுப்பது கம்பெனி. வண்டிக்காரர் மட்டும் எதையும் எழுதுவதில்லை. கிளெய்ம் படிவத்தைக்கூட ஏஜென்ட் நிரப்புகிறார். நாம் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்திடுகிறோம். தனக்காக ஒரு வரிகூட எழுதப்படாத கோப்பில் தனக்குச் சாதகமான முடிவு வரும் என்று எதிர்பார்க்கும் ஒரே ஆள் நாம்தான்.

அந்தப் படிவங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் கிளெய்ம் படிவங்களை வரிசையாக வாசித்தால் நம் ஊர் மாடுகளும் நாய்களும் பொழுதுபோகாமல் வண்டிகளுக்குக் குறுக்கே பாய்ந்துகொண்டே இருப்பதாகத்தான் தோன்றும். தூணில் இடித்திருப்போம், ரிவர்ஸில் கேட்டில் உரசியிருப்போம். “நாய் குறுக்க வந்துச்சுன்னு போட்டுக்கலாம் சார், அதுதான் சேஃப்” என்பார் ஏஜென்ட். தூணில் இடித்ததற்கும் பாலிசியில் பணம் உண்டு. தற்செயலான வெளிக்காரணத்தால் வந்த சேதம் என்றால் போதும். தேவையில்லாத அந்த ஒரு பொய், சேதம் இருக்கும் இடத்தோடு பொருந்தாதபோது, உண்மையான கிளெய்மையும் சேர்த்துக் கவிழ்க்கிறது. ஓட்டியவர் பெயரை மாற்றிப் போடுவதும், ஆறு மாதப் பழைய டென்ட்டைப் புது விபத்தில் சேர்த்து அடித்துவிடுவதும் இந்த வகைதான். சர்வேயர்கள் சந்தேகப் பிராணிகளாக இருப்பதற்கு நம் பங்கும் இருக்கிறது. மறைத்துப் பயனில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். மேல்மாடிப் பெரியவரிடம் போய் நின்றேன். அவர் யோசிக்கவே இல்லை. “இன்ஜினைத் திறந்துதான ஆகணும்? திறக்கும்போது ராடைப் பார்க்கச் சொல்லுங்க. வளைஞ்சிருந்தா நீங்க சாவி போட்டிருக்கீங்க. நேரா இருந்தா போடலை. அதைவிட சாட்சி என்ன வேணும்?” மெக்கானிக்குக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கூடவே நின்றேன். நான்கு ராடுகளையும் வெளியே எடுத்துக் கழுவி, பழைய தினத்தாளை விரித்து அதன்மேல் வரிசையாக வைத்தார். ஒரு ஸ்டீல் ஸ்கேலை ஒவ்வொன்றின் மேலும் சாய்த்துக் காட்டினார். இடுக்கில் வெளிச்சம் புகவில்லை. நான்கும் நேர். படம் எடுத்தேன், தாளின் தேதியும் படத்தில் விழுந்தது.

மாடிப்படியிலிருந்து எடுத்த படங்கள், ரெக்கவரி வண்டியின் ரசீது, ராடுகளின் படம், ‘வண்டி ஓட்டி வரப்படவில்லை, இழுத்து வரப்பட்டது’ என்று சர்வீஸ் மேனேஜர் கொடுத்த இரண்டு வரிக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒன்றரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பாலிசியில் வெள்ளம் என்பது பெயர் சொல்லியே காக்கப்பட்டிருக்கிறது. நின்ற வண்டிக்குள் வெள்ளம் புகுந்தால் அது நேரடிச் சேதம். பின்விளைவு என்று சொல்ல நான் எந்த முன்வினையும் செய்யவில்லை என்பது அதன் சாரம். பிப்ரவரி கடைசியில் 89,000 ரூபாய் வந்தது. தவறு நேர்ந்துவிட்டது என்றோ, உங்கள் வாதத்தை ஏற்கிறோம் என்றோ ஒரு சொல்லும் இல்லை. வங்கிக் கணக்கில் பணம், கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான்.

மீதி 63,000 எங்கே?

இன்சூரன்ஸ் இருந்தும் கையிலிருந்து 63,000 போனதா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல்தான் பாதி சண்டைகள் நடக்கின்றன. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எதுவானாலும், வண்டி வாங்கி ஒரே மாதம் ஆகியிருந்தாலும், புதுப் பொருளின் விலையில் பாதியைத்தான் சாதாரண பாலிசி தரும். கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை. இரும்புத் தகடு முதல் ஆறு மாதம் முழு மதிப்பு. பிறகு வயது ஏற ஏறத் தேய்மானம் கூடி, ஐந்திலிருந்து பத்து வயது வரையான வண்டிக்கு 40 சதவீதம் கழியும். இன்ஜின் ஆயில், கூலன்ட், கிரீஸ், நட்டு, போல்ட்டெல்லாம் கணக்கிலேயே வராது. ‘ஜீரோ டெப்’ அல்லது ‘பம்பர் டு பம்பர்’ என்று விற்கப்படும் கூடுதல் காப்பு இந்தத் தேய்மானத்தை நீக்கத்தான். அதையும் பெரும்பாலும் இளம் வயது வண்டிகளுக்கே கொடுப்பார்கள்.

ஒரு சின்ன இடியை எடுத்துக்கொள்வோம். ஆறு வயது கார். பம்பர் 9,000, கதவுத் தகடு 8,000, பெயிண்டிங் 6,000. ஆக 23,000 ரூபாய் பில். பம்பரில் பாதி, 4,500 போகும். கதவில் 40 சதவீதம், 3,200 போகும். பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பெயின்ட்டின் விலையாக வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 750. இதற்கு மேல் 1,500 சி.சி. வரையான காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. மொத்தம் 9,450 கழிந்து 13,550 கைக்கு வரும்.

லாபம்தானே என்று நினைக்கத் தோன்றும். கிளெய்ம் கேட்காமல் ஓட்டியதற்கான ‘நோ கிளெய்ம் போனஸ்’ 50 சதவீதத்தில் இருந்தால் அது ஒரே கிளெய்மில் பூஜ்யமாகிவிடும். மறுபடி 20, 25, 35, 45, 50 என்று ஏற ஐந்து வருடம் பிடிக்கும். சொந்த சேதத்துக்கான பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 என்றும், அது மாறாமல் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், இத்தனை நாள் 4,000 கட்டியவர் அடுத்த வருடம் 8,000, பிறகு 6,400, 6,000, 5,200, 4,400 என்று கட்டுவார். ஐந்து வருடத்தில் கூடுதலாகக் கட்டியது சரியாக 10,000. ஆக, சர்வேயருக்குக் காத்திருந்து, ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, வண்டியில்லாமல் பத்து நாள் அலைந்து பெற்ற நிகர லாபம் 3,550 ரூபாய். சின்ன இடிகளைத் தெருமுனை டிங்கரிங் கடையில் முடித்துக்கொள்ளும் நம் ஊர்ப் பழக்கம் விவரம் தெரிந்தவர்கள் செய்கிற வேலை. இன்சூரன்ஸை எப்போது தொடக் கூடாது என்று தெரிந்தவருக்கே எப்போது விடக் கூடாது என்பதும் தெரியும்.

பெரிய சேதத்தில் கணக்கு வேறு. பழுது பார்க்கும் செலவு, வண்டிக்குப் பாலிசியில் போட்டிருக்கும் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’ ஆகும். அப்போது இழப்பீட்டுக்கு அந்த முழு மதிப்பே அடிப்படையாகும். ஐ.டி.வி. என்று சொல்லப்படும் இந்த மதிப்பைப் பிரீமியம் குறையட்டும் என்று குறைத்துப் போடச் சொல்கிறவர்கள், வெள்ளத்திலோ தீயிலோ வண்டி மொத்தமாகப் போகும்போதுதான் தாங்கள் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாயின் விலையைத் தெரிந்துகொள்கிறார்கள்.

பாலிசி இருந்தும் இல்லாதவர்கள்

கார்க்காரர்களைவிட எனக்கு வருத்தம் தருவது பைக்காரர்கள் கதை. 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டு, காருக்கு மூன்று ஆண்டு இன்சூரன்ஸ் ஒரேயடியாக எடுத்தாக வேண்டும் என்று விதி வந்தது. ஷோரூமில் “அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு, கவலையை விடுங்க” என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்த ஐந்து ஆண்டு மூன்றாம் நபருக்கானது. நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கு மட்டும்தான் அது. நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதி பல பாலிசிகளில் ஒரே வருடத்தில் முடிந்துவிடுகிறது. தாளில் ‘1+5’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டாவது வருடம் வண்டி திருடு போனபோதுதான் தூத்துக்குடிப் பக்கம் என் உறவுக்காரப் பையன் அந்த ‘1’ஐப் பார்த்தான். தவணை மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

பழைய வண்டி வாங்குகிறவர்களும் இப்படித்தான். ஆர்.சி.யைப் பெயர் மாற்றிவிட்டு பாலிசியை முந்தைய உரிமையாளர் பெயரிலேயே விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு தானாகப் போய்விடும். சொந்த சேதத்துக்கான காப்பு போகாது. மாற்றிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி பாலிசியையும் மாற்ற வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இரண்டு முறை நடக்கும் நாம் இந்த ஒரு கடிதத்தை மறந்துவிடுகிறோம்.

எல்லா மறுப்புகளும் இப்படி நம் தவறல்ல. வருடக்கணக்காகக் கம்பெனிகள் காட்டிவந்த சில காரணங்களை உச்ச நீதிமன்றம் ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறது. இலகுரக வாகன உரிமம் வைத்துக்கொண்டு சிறிய சரக்கு வண்டியோ டாக்சியோ ஓட்டினால் தனியாகப் போக்குவரத்து உரிமம் இல்லை என்று சொல்லிக் கையை விரித்துவந்தார்கள். 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை முடித்துவைத்தது: 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டிக்கு அந்த உரிமமே போதும். குட்டி யானை ஓட்டிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இது பெரிய விஷயம். திருட்டு வழக்கில் போலீஸில் உடனே புகார் கொடுத்துவிட்டால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. தாமதத்தை மட்டும் காரணமாக்கி நியாயமான கிளெய்ம்களை நிராகரிக்காதீர்கள் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011லேயே சுற்றறிக்கை விட்டிருந்தது. ஒன்பது ஆண்டு கழித்து அதையே உச்ச நீதிமன்றமும் சொல்ல வேண்டிவந்தது என்பதிலிருந்து சுற்றறிக்கைகளின் வலிமையைத் தெரிந்துகொள்ளலாம்.

சர்வேயர் அறிக்கை கல்வெட்டு அல்ல என்பதையும் நீதிமன்றம் 2009லேயே சொல்லிவிட்டது. அது முக்கியமான ஆவணம், ஆனால் கடைசி வார்த்தை இல்லை; தக்க சான்று இருந்தால் அதை விலக்கலாம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வாகனக் கிளெய்முக்கு உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயம். அவர் அறிக்கையின் நகலைக் கேட்டால் தந்தாக வேண்டும். கேட்கிறவர்கள்தான் குறைவு. அந்த அறிக்கையைப் பார்க்காமல் கம்பெனியோடு வாதாடுவது வினாத்தாளைப் பார்க்காமல் விடை எழுதுவது மாதிரி.

2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை காலக்கெடுவைக் கடுமையாக்கியிருக்கிறது. கிளெய்ம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை அமர்த்த வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது. எனக்கு நடந்தது இதற்கு முந்தைய விதிகளின் காலம். அப்போது அறிக்கைக்கு 30 நாள், முடிவுக்கு 30 நாள் என்று தாராளமாக இருந்தது. புது விதி நல்ல விதி. ஆனால் எந்தத் தேதியில் கிளெய்ம் தெரிவிக்கப்பட்டது என்பதையே வாடிக்கையாளர் எழுத்தில் வைத்திருக்காவிட்டால் 24 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? “போன்ல சொன்னேனே” என்பது எந்த மன்றத்திலும் எடுபடாது. அழைப்பு மையத்தில் பேசிவிட்டு, பேசிய நேரத்தையும் கிளெய்ம் எண்ணையும் போட்டு அன்றைக்கே ஒரு மெயில் தட்டிவிடுவது இரண்டு நிமிட வேலை.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி அசையாவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் பதியலாம். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலுக்கு அனுமதியும் கிடையாது. நாமே பேச வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உத்தரவிடும் அதிகாரம் உண்டு, அந்த உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கம்பெனி மறுத்து ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். திருநெல்வேலிக்காரர் மும்பைத் தலைமை அலுவலகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான் கட்டணம் நிர்ணயிக்கப்படுவதால் சாதாரண வாகன பாலிசிக்கு அங்கும் கட்டணம் இல்லை.

இடையில் ஒரு பொறி இருக்கிறது. பாதிப் பணத்தைக் கொடுக்கும்போது ‘முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வவுச்சரில் கையெழுத்து கேட்பார்கள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொண்டிருக்கும், பில் கட்டினால்தான் வெளியே வரும். கையெழுத்துப் போடாமல் என்ன செய்வது? போட்டாலும் கதவு மூடிவிடுவதில்லை. அந்தக் கையெழுத்தைக் காட்டி வாடிக்கையாளர் மேல்முறையிடுவதைத் தடுக்கக் கூடாது என்று 2015 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ‘மறுப்புத் தெரிவித்துப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் போடுவது நல்லது. எழுத விடாவிட்டால் அன்று மாலையே அதைச் சொல்லி ஒரு மெயில்.

கம்பெனிகள் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை பணத்தைக் குறைக்கிறார்கள் என்பதில்லை. குறைப்பது அவர்கள் தொழில். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் தண்ணீர் நிற்கும் என்று தெருவின் பெயரோடு தெரிந்த ஒரு நகரத்தில், அந்தத் தெருவின் பின்கோடை வாங்கிக்கொண்டு பாலிசி விற்கிறார்கள். வெள்ளம் காக்கப்படும் என்று அச்சிட்டும் தருகிறார்கள். வெள்ளத்தில் முதலில் கெடுவது இன்ஜின். அதை மட்டும் தனி விலைக்கு வைத்துவிட்டு, அந்தத் தனி விலையைச் சொல்லாமலே விற்கிறார்கள். நின்ற வண்டியில் புகுந்த தண்ணீரால் இன்ஜினுக்கு வரும் சேதம் அடிப்படை பாலிசியிலேயே அடங்கும் என்று ஒரே ஒரு வாக்கியத்தை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எழுதிவிட்டால் போதும். சாவி போட்டவருக்குத்தான் கூடுதல் காப்பு வேண்டும். போடாதவரிடம் அதை ஏன் விற்க வேண்டும்? சாவி போட்டதை நிரூபிக்கும் பொறுப்பும் கம்பெனியின் தலையில் இருக்கட்டும். ராடு பொய் சொல்லாது, அவர்களும் ஸ்கேலை வைத்துப் பார்க்கலாம்.

சர்வேயர் அறிக்கை கேட்காமலே நம் கைப்பேசிக்கு வர வேண்டும். பீட்சா எந்தத் தெருவில் வருகிறது என்று காட்டத் தெரிந்த நாட்டில் இது பெரிய தொழில்நுட்பம் இல்லை. தொலைபேசியில் சொல்லப்படும் மறுப்பு மறுப்பாகவே கருதப்படக் கூடாது. ஜாப் கார்டு தமிழிலும் இருக்க வேண்டும். தன் வண்டியைப் பற்றித் தன் பெயரில் எழுதப்படும் வாக்குமூலத்தை ஒரு லாரிக்காரரால் வாசிக்க முடியவில்லை என்றால் அதில் அவர் கையெழுத்துக்கு என்ன பொருள்?

போன மாதம் காரை வழக்கமான சர்வீஸுக்கு விடப் போனேன். அதே இளைஞர், இப்போது கண்ணில் தூக்கம் இல்லை. எழுதி முடித்து அட்டையை நீட்டினார். கையெழுத்துக்கு முன், எழுதியதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள் என்றேன். விநோதமாகப் பார்த்துவிட்டு வாசித்தார். “ஏ.சி. கூலிங் கம்மி.”

“நான் ஏ.சி. சத்தம் போடுதுன்னுதான சொன்னேன்?”

“ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.